வாயில் ஆறு குண்டூசி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு பெட்டி இருந்ததாம். பெட்டிக்குள்ளே ஒரு கவுன் இருந்ததாம். கவுனுக்குள்ளே ஆள் மட்டும் இல்லையாம்.

‘ம்’ சொல்லுங்கள் அண்ணா. திருப்பூர் பஸ் இன்னும் ஊட்டியிலிருந்தே கிளம்பவில்லையாம், இப்போதுதான் கேட்டு வந்தேன். எங்கள் வீட்டில் கதைக்கு ஒரு சட்டம் உண்டு. கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். ‘ம்’ நின்றால் தாத்தா கதையை நிறுத்திவிடுவார். ராஜகுமாரன் பாதிக் கிணற்றில் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி, அடுத்த நாள்தான் மேலே ஏறுவான். அப்படிக் கதை கேட்டு வளர்ந்தவன் நான். ‘ம்’ இல்லாமல் எனக்குப் பேச வராது.

ஆ, அதேதான்.

கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். எனக்குச் சத்தமாகவும் பேச வராது. பேர் இன்பராஜ். இதோ, குன்னூர் பஜாரில் மார்ட்டின் அண்ணன் டெய்லர் கடையில் கட்டிங் என் வேலை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ‘தங்கமான பையன், வாயே திறக்க மாட்டான்’ என்பார்கள்.

அந்தக் கவுன் கதைக்கு வருகிறேன்.

போன வருஷம் ஆவணி மாதம். மேலே, தேயிலைத் தோட்டத்து உச்சியில் ஒரு பழைய பங்களா இருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து வசுந்தரா மேடம் என்று ஒருவர் அதை வாங்கி ஓட்டல் ஆக்கிக்கொண்டிருந்தார். பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு மரப்பெட்டி. திறந்தால் இந்தப் பட்டுக் கவுன். கூடவே ஒரு போட்டோ. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி அதே கவுனைப் போட்டுக்கொண்டு, யாரோ அவளைத் திட்டிவிட்ட மாதிரி நிற்கிறாள். பின்னால் மசியில் 1895 என்று எழுதியிருக்கிறது.

மேடம் அதை ஒரு வெள்ளை வேட்டியில் பிள்ளையைப் போலச் சுற்றி எடுத்து வந்தார். டிசம்பரில் திறப்பு விழா விருந்து. இதே மாதிரி இன்னொன்று தைத்துக் கொடுக்க வேண்டும். ரிசப்ஷனில் இருக்கிற ஃபெலிசியா அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று விருந்தாளிகளை வரவேற்பாள். அப்புறம் புதுசு கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். பழசு மறுபடி மரப்பெட்டிக்குள் போகும்.

“ஒண்ணே ஒண்ணு தம்பி,” என்றார் மேடம். “பாக்கலாம், அளக்கலாம், வரைஞ்சுக்கலாம். ஒரு தையல்கூடப் பிரிக்கக் கூடாது.”

தலையாட்டினேன். அவர் ஏன் பிரிக்கக் கூடாது என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? காரணத்தையும் சொல்லியிருக்கலாம். சொன்னால் புரிந்துகொள்ள மாட்டேனா?

மார்ட்டின் அண்ணன் டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பார்த்தார். இருபத்தொரு அங்குலம். “டேய் இன்பா, இது இடுப்பாடா, கழுத்தாடா? இதுக்குள்ள எப்படி மூச்சு விட்டா?”

கடையில் அப்போது பவளக்கா இருந்தாள். ஹெம்மிங், ஊக்கு, காஜா எல்லாம் அவள்தான். தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் வீடு. வாரம் இரண்டு தடவை வந்து துணி வாங்கிப் போய் வீட்டில் வைத்துத் தைத்துக் கொண்டு வருவாள். அக்கா அந்தக் கவுனை எட்டி நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மூச்சைக் கழட்டிப் பெட்டியில வச்சிட்டுத்தாண்ணே இதைப் போட்டிருப்பா. பெட்டியில நல்லாத் தேடிப் பாக்கச் சொல்லுங்க, அதுவும் இருக்கும்.”

மேடமே சிரித்துவிட்டார்.

அக்கா கைத்தையலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு அங்குலத்தில் பதினாறு தையல் போடுவாள். வெளிப்பக்கம் ஒன்றுகூடத் தெரியாது. சேலைத் தலைப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தைச்சாச்சா, இல்லையா?” என்று கேட்ட வாடிக்கையாளர்கள் உண்டு. பஜாரில் அவளுக்கு ஈடு யாரும் இல்லை. அவள் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் அண்ணா. இல்லாவிட்டால் கதை தப்பாகிவிடும்.

எங்கள் தொழிலில் யார் வந்தாலும் அளவு ஜாக்கெட் ஒன்று கொடுப்பார்கள். “இதே அளவுக்குத் தைச்சிடுங்க.” அதை உள்பக்கம் திருப்பி மேஜையில் போட்டு உள்ளங்கையால் நீவிவிட்டால் போதும், அப்படியே படிந்துவிடும். சுற்றிச் சாக்பீஸ் ஓட்டினால் வெட்டு ரெடி. பதினேழு வயதிலிருந்து இதைத்தான் செய்கிறேன்.

இந்தக் கவுன் படியவே இல்லை. மேல்பாகம் பானை மாதிரி. முன்னால் அமுக்கினால் பின்னால் எழும்பும். முதுகில் மட்டும் எட்டுத் துண்டு, ஒவ்வொன்றும் புளியங்காய் மாதிரி ஒரு வளைவு. மேல்பாகம் நிமிர்ந்து நிற்க உள்ளே பதினோரு இடத்தில் எலும்புப் பட்டை. திமிங்கலத்தின் எலும்பாம். கை இருக்கிறதே, பஃப் கை, ஒரு முழுப் பூசணிக்காயைச் சின்னக் கிண்ணத்துக்குள் அடைத்த மாதிரி. அதற்குள் எவ்வளவு துணி போயிருக்கிறது, எந்தப் பக்கம் மடிப்பு, உள்ளே எது தாங்கிப் பிடிக்கிறது, வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. பாவாடை பின்னால் இரண்டு முழம் தரையில் இழுபடும்.

காடாத் துணியில் மூன்று தடவை வெட்டிப் பார்த்தேன். முதல் தடவை கை முட்டைக்கோஸ் ஆனது. இரண்டாவது தடவை முதுகு கூன் விழுந்தது. மூன்றாவது தடவை ஃபெலிசியா போட்டுக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “அண்ணா, இது கவுனா, கூடாரமா?” என்றாள்.

மார்ட்டின் அண்ணன் அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார். “உனக்கு வராதுன்னா விட்டுடு, கோயம்புத்தூர்ல ஆள் பாத்துக்கிறேன்.” கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிடப் போயிருந்தார். கடையில் நான் மட்டும். வெளியே மழை. கவுனை உள்பக்கம் திருப்பினேன். இடது கை சேருகிற இடத்தில் ஒரே ஒரு தையல் தளர்ந்திருந்தது. தானாகவே தளர்ந்தது அண்ணா, சத்தியம். ஊசிமுனையால் அதை மெல்லத் தூக்கினேன். நூல் வந்தது. நூலோடு பட்டும் வந்தது. காய்ந்த வெங்காயச் சருகு இருக்கிறதே, அதை நகத்தால் கீறினால் ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம்.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் உள்ளே தெரிந்துவிட்டது. கைக்குள் இன்னொரு சின்னக் கை இருந்தது, விறைப்பான துணியில். அதுதான் பூசணிக்காயைத் தாங்குகிறது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருமில்லாத கடையில் ‘அடடா, அடடா’ என்று நானே பேசிக்கொண்டேன். நூற்றி முப்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு டெய்லர் எனக்காக ஒளித்து வைத்த மாதிரி இருந்தது. கெட்டது கெட்டுப்போச்சு, இனி பாதியில் விட்டு என்ன பிரயோஜனம்? கை முழுவதையும் பிரித்தேன். அப்புறம் முதுகையும். எட்டுத் துண்டையும் பிரவுன் பேப்பரில் வைத்து வரைந்துகொண்டேன். பிரிக்கப் பிரிக்கப் பட்டு ஓரத்தில் பொடிந்தது. அந்த ஒரு மணி நேரத்தைப் போல என் தொழிலில் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லையா? பாவம் செய்கிறபோது பாவம் மாதிரி இருக்கவில்லை.

அண்ணன் வருவதற்குள் எல்லாவற்றையும் பெரிய பெரிய தையலாகப் போட்டு ஒட்டி, வேட்டியில் சுற்றி மேல் தட்டில் வைத்துவிட்டேன்.

அதன் பிறகு புதுக் கவுன் தானாக வந்தது. தந்தக் கலர் சாட்டின். ஃபெலிசியாவுக்கு இடுப்பு இருபத்தேழு, அதற்கேற்ப ஒவ்வொரு துண்டையும் விரித்துக்கொண்டேன். திமிங்கலத்துக்கு எங்கே போவது? பார்சல் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையை வெட்டி, முனையைத் தீயில் காட்டி மழுக்கிச் சொருகினேன். அச்சு அசல் நின்றது. மார்ட்டின் அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “பிரிக்காமலே பிடிச்சிட்டியேடா!” என்றார். நான் சிரித்தேன். சிரித்தது பொய்யில் சேருமா?

ஊக்கு வைக்கவும் கீழ் ஓரம் மடித்துத் தைக்கவும் இரண்டு கவுனையும் பவளக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். பழசைப் பார்த்துத்தானே புதுசில் ஊக்கு வைக்க முடியும்? வேறு காரணம் எதுவும் இல்லை.

அக்கா வேட்டியைப் பிரித்தாள். கவுனைத் தொடவில்லை. குனிந்து, என் பெரிய பெரிய தையலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பிரிச்சுட்டியா தம்பி?”

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டீ கொதித்துக்கொண்டிருந்தது.

“அந்தம்மா வேண்டாம்னு அத்தன தெளிவாச் சொல்லுச்சே.”

“கொஞ்சம்தான்க்கா.”

“கொஞ்சமா இது? கோழிய உரிச்ச மாதிரி வச்சிருக்க.” திட்டினாள். திட்டிவிட்டு டீ கொடுத்தாள். அப்புறம் கேட்டாள், “ஒன்பது நாள் குடுப்பியா?”

ஒன்பது நாள். உள்ளுக்குள் மெல்லிய வலைத்துணி கொடுத்து, பொடிந்த பட்டை அதன்மேல் ஒவ்வொரு இழையாக உட்கார வைத்துத் தைத்தாள். நான் கேட்கவே இல்லை அண்ணா. அவளாகத்தான் செய்தாள்.

ஒன்பதாவது நாள் போனபோது ஒரு நாடாவும் கொண்டுபோனேன். பழைய கவுனில் இடுப்புக்கு உள்பக்கம் ஒரு நாடா, அதில் தைத்த கடைக்காரன் பேர் பொன்னிற எழுத்தில். புதுசிலும் தைத்தவர் பேர் அதே இடத்தில் வேண்டும் என்று மேடம் ஆசைப்பட்டார். அக்காவிடம் கொடுத்தேன். “என்ன பேர் போடணும்?” என்றாள். “இன்பராஜ், குன்னூர்” என்றேன். கடைப் பேரைப் போடலாமா என்று மார்ட்டின் அண்ணனை முன்னாலேயே கேட்டிருந்தேன், “வெட்டினவன் நீ, உன் பேரே இருக்கட்டும்” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்.

அக்கா அங்கேயே உட்கார்ந்து என் பேரைத் தைத்தாள். கடைசி எழுத்தை முடித்து நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டாள்.

“அந்தம்மாகிட்ட நீயே சொல்லிடுவேல்ல தம்பி? நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும். நீ சொன்னா ஒப்புக்கிட்ட மாதிரி ஆயிடும்.”

“சொல்லிடுறேன்க்கா” என்றேன்.

சொல்லத்தான் இருந்தேன். நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ம்? ஆமாம், வருகிறேன், அந்த நாளுக்குத்தான் வருகிறேன்.

நவம்பர் கடைசி. மேடம் பழசை வாங்கிப்போகவும் புதுசைப் பார்க்கவும் கடைக்கு வந்தார். ஃபெலிசியா புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு ஸ்டூல்மேல் நிற்கிறாள். “காலையில ரெண்டு பணியாரம்தாண்ணா சாப்பிட்டேன், அதுவே மேல வந்து நிக்குது. விருந்தன்னைக்கு நான் சாப்பிடறதா, பாத்துட்டு நிக்கறதா?” என்று புலம்புகிறாள். நான் தரையில் முட்டிபோட்டு, பின்னால் இழுபடுகிற துணியைச் சமன் செய்துகொண்டிருந்தேன். வாயில் குண்டூசி. ஆறு. எந்த டெய்லரும் அப்படித்தான் வைத்திருப்பான், தெரியுமில்லையா? கை இரண்டும் துணியில் இருக்கும், ஊசி உதட்டில் இருக்கும்.

பவளக்காவும் அன்றைக்கு வந்திருந்தாள். பழைய கவுனைத் தானே மடியில் வைத்துக் கொண்டுவந்து மேடம் கையில் கொடுத்தாள்.

மேடம் அதன் இரண்டு தோளையும் பிடித்துத் தூக்கினார்.

அக்கா தைத்த இடம் அப்படியே நின்றது. அதை ஒட்டியிருந்த பட்டு, மேலிருந்து கீழே, மெதுவாக, தானாகக் கிழிந்து இறங்கியது. நாங்கள் எல்லோரும் அது முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

மேடம் உள்பக்கம் திருப்பினார். வலைத்துணியைப் பார்த்தார். “இது புதுத் தையல். யார் தைச்சது?”

மார்ட்டின் அண்ணன் கிட்டே வந்து பார்த்தார். அந்தப் பொடித்தையலைப் பார்த்தால் பஜாரில் யாருக்கும் தெரியும். “பவளம், உன் கைதானே இது?”

“ஆமாங்கண்ணே.”

“அப்ப பிரிச்சது?”

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை அண்ணா. பஸ்ஸில் நாம் ஜன்னலோரம் இடம் பிடித்துவைத்துவிட்டு, தெரிந்தவர் ஏறுவாரா என்று வாசலைப் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

மார்ட்டின் அண்ணன் என் பக்கம் திரும்பினார். “இன்பா, அவ வீட்டுக்குக் குடுத்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு?”

வாயில் ஆறு குண்டூசி. நீங்களே சொல்லுங்கள், ஆறு குண்டூசியை வைத்துக்கொண்டு எவனால் விளக்கமாகப் பேச முடியும்?

‘ம்’ என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. வாயே திறக்கவில்லை.

மேடம் கத்தவில்லை. கவுனை வேட்டியில் சுற்றிக்கொண்டார். “நம்பித்தானே குடுத்தேன்” என்றார், பவளக்காவிடம். மார்ட்டின் அண்ணன்தான் கத்தினார். இனி இந்தப் படி ஏறக் கூடாது என்றார். ஃபெலிசியா ஸ்டூல்மேல் கவுனோடு அழுதுகொண்டு நின்றாள். அவளால் குனியக்கூட முடியாது, பாவம்.

அக்கா செருப்பைப் போட்டாள். வாசலில் கொஞ்சம் நின்றாள். மழைக்காக நின்றாள் என்று நினைக்கிறேன். அந்த நேரத்துக்குள் நான் ஆறு ஊசியையும் எடுத்திருக்கலாம். எடுக்கத்தான் செய்தேன். ஒவ்வொன்றாக எடுத்தேன். துணியில் சரியான இடம் பார்த்துக் குத்தினேன். ஆறாவதைக் குத்திவிட்டு நிமிர்ந்தபோது அவள் பஜார் முக்கில் திரும்பிவிட்டாள்.

விருந்து ரொம்பப் பிரமாதமாக நடந்தது. பேப்பரில்கூடப் போட்டோ வந்தது. இப்போது புதுக் கவுன் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. இடுப்பைக் கொஞ்சம் திறந்த மாதிரி வைத்திருக்கிறார்கள், நாடாவில் என் பேர் தெரியட்டும் என்று. வருகிறவர்கள் எல்லாம் வெட்டைப் பார்ப்பதில்லை, அந்த எழுத்தைத்தான் பார்க்கிறார்கள். ‘என்ன கை வேலை, என்ன கை வேலை’ என்கிறார்கள். நான் இப்போது ‘கவுன் மாஸ்டர்’. கல்யாணக் கவுனுக்குக் கோத்தகிரியிலிருந்துகூட வருகிறார்கள்.

அக்காவுக்கு அப்புறம் பஜாரில் யாரும் துணி கொடுக்கவில்லை. ‘பழைய பட்டைக் கிழிச்சவ’ என்று பேர் விழுந்துவிட்டது. தை மாதம் திருப்பூருக்குப் போய்விட்டாள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலையாம். மிஷின் தைத்துத் தள்ளுகிற பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை நாள் முழுக்கக் கத்தரிக்க வேண்டும். அவள் கையில் ஊசியே இல்லை அண்ணா. ஊசி என்னிடம் இருக்கிறது. இதோ, இந்தத் தகர டப்பா. தைலம் வந்த டப்பா. அன்றைக்குக் கடையில் விட்டுவிட்டுப் போனாள். உள்ளே அவளுடைய ஊசிகள், விரலில் மாட்டுகிற பித்தளைத் தொப்பி. இதைக் கொடுக்கத்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இந்த ஸ்டாண்டுக்கு வருகிறேன். ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று வந்துவிடும். போன வாரம் ஒருவரிடம் இதே கதையைச் சொன்னேன், முதுகு பிரிக்கிற இடத்திலேயே தூங்கிவிட்டார். அதற்கு முந்தின வாரம் ஒரு டீச்சர், கடைசிவரை கேட்டார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அந்த டீச்சரிடம் சொல்லவில்லை.

பங்குனியில் பெங்களூரிலிருந்து ஒரு அம்மாள் அந்த ஓட்டலில் வந்து தங்கினார். பழைய துணிகளைப் பாதுகாக்கிற படிப்புப் படித்தவராம். மேடம் அந்தக் கிழிந்த கவுனைக் காட்டியிருக்கிறார். அந்தக் காலத்துப் பட்டில் கனம் கூட்ட ஏதோ உலோக உப்பு ஏற்றுவார்களாம். வருஷம் ஆக ஆக அந்த உப்பே பட்டைத் தின்றுவிடுமாம். தொட்டாலும் போகும், தொடாவிட்டாலும் ஒரு நாள் போகும். தையலைப் பிரித்தால் அன்றைக்கே போகும். ஆனால் உள்ளே வலை கொடுத்துத் தைத்தது யார் என்று அந்த அம்மாள் கேட்டாராம். இப்படிச் செய்யத்தான் எங்களுக்குப் பாடமே நடத்துகிறார்கள், இந்தக் கை எங்கே இருக்கிறது என்று கேட்டாராம்.

மேடம் கடைக்குப் போன் செய்து சொன்னார். மார்ட்டின் அண்ணனுக்கு முகம் செத்துவிட்டது. டீ வாங்கிவரச் சொல்லி, என்னை எதிரில் உட்கார வைத்தார்.

“அந்தப் பொம்பளைய அநியாயமாப் பேசிட்டனோ இன்பா? ஒருவேளை அவ பிரிக்கவே இல்லையோ? நீ குடுக்கும்போதே கொஞ்சம் விட்டிருந்துச்சோ? யோசிச்சுச் சொல்லுடா. தப்புன்னா திருப்பூர் போய்க் கையோட கூட்டிட்டு வந்துடலாம். உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ குடுத்தப்ப முழுசாத்தானே இருந்துச்சு?”

டீயைக் கீழே வைத்துவிட்டேன். வாயில் டீகூட இல்லை அண்ணா.

‘ம்’ என்றேன்.

...

அண்ணா?

கேட்கிறீர்கள்தானே? ‘ம்’ சொல்லுங்கள்.

வண்டி வந்துவிட்டது, பார்த்தேன். ஏறிக்கொள்ளுங்கள், கூட்டம் அதிகம் இல்லை. ஒரே ஒரு உதவி. இந்த டப்பாவை நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்துவிட முடியுமா? விலாசம் உள்ளேயே எழுதி வைத்திருக்கிறேன். யார் கொடுத்தார் என்று கேட்டால்... கேட்க மாட்டாள். ஏன் கையை நீட்ட மாட்டேன் என்கிறீர்கள்? கனமே இல்லை, பாருங்கள்.

துண்டை ஏன் அந்த ஜன்னலுக்குள் போடுகிறீர்கள்? உங்கள் பையைத்தான் அதற்குப் பக்கத்து சீட்டில் போட்டுவிட்டீர்களே. இந்த இடம் யாருக்கு?

எனக்கா?

இல்லை அண்ணா. இன்றைக்கு முடியாது. நாளைக்கு ஒரு கல்யாணக் கவுன் கொடுக்க வேண்டும், கழுத்துக்கு லேஸ் இன்னும் வைக்கவில்லை. அடுத்த ஞாயிறு கட்டாயம். பட்டு எப்படியும் போகிற பட்டுதானே, அந்த அம்மாளே சொல்லிவிட்டார். அப்படிப் பார்த்தால் தப்பு யார் மேலும் இல்லை, இல்லையா? நீங்களே சொல்லுங்கள். ஒரு ‘ம்’ சொன்னால் போதும்.

அண்ணா, துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு யாராவது உட்காரட்டும்.

திரும்பிக்கூடப் பார்க்காமல் ஏறிப் போகிறீர்களே.